சாம்பலான கடற்பாசி



மரவள்ளி தன் உணவை மாவாக்கிக் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. குளிர்கடலில் வளரும் பழுப்புக் கடற்பாசிக்கும் அப்படி ஒரு சேமிப்பு உண்டு. கோடை வெயிலில் தேடிய உணவை 'லாமினாரின்' என்னும் மாவு போன்ற பொருளாகச் சேர்த்து வைத்து, இருண்ட குளிர்காலத்தில் செலவழிக்கிறது. அந்தப் பாசியோடு பாடுபட்ட மக்களின் கதையை இன்று கேட்போம்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகள் உள்ளன. அங்கே ஸ்ட்ரோன்சே என்ற தீவில் 1722ஆம் ஆண்டு கடற்பாசி எரிக்கும் தொழில் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் குளிர்ந்த நீரில் நின்று பாசியை அறுப்பார்கள்; கரையில் உலர்த்துவார்கள்; கல் பதித்த குழிகளில் எரிப்பார்கள். ஏறத்தாழ 20 டன் ஈரப்பாசி எரிந்தால் 1 டன் சாம்பல் கிடைக்கும். கண்ணாடியும் சவர்க்காரமும் செய்வதற்கு அந்தச் சாம்பல் தேவைப்பட்டது.

நெப்போலியன் காலத்துப் போர்களால் ஸ்பெயின் நாட்டுச் சோடாச் சாம்பல் வருவது தடைப்பட்டது. கடற்பாசிச் சாம்பலின் விலை டன்னுக்கு 20 பவுன் வரை ஏறியது. ஆனால் ஆதாயம் நிலவுடைமையாளர்களுக்கே போயிற்று. உழைத்தவர்களின் கூலி குடியிருந்த நிலத்தின் வாடகைக்கே சரியாகிவிட்டது.

ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் மேற்குத் தீவுகளிலும் வறுமை தாங்காமல் பலர் கனடாவுக்குக் கப்பலேற நினைத்தார்கள். 1803இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணிகள் கப்பல் சட்டத்தை இயற்றியது. பயணிகளின் நலனுக்கு என்றே அதற்குப் பெயர். ஆனால் அதனால் கப்பல் கட்டணம் ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. பாசி அறுக்க ஆள் குறைந்துவிடும் என்று அஞ்சிய நிலவுடைமையாளர்கள் அச்சட்டத்தை ஆதரித்தார்கள்.

போர் முடிந்தது. ஸ்பெயின் சரக்கு திரும்ப வந்தது. உப்பிலிருந்து சோடா செய்யும் முறையும் பரவியது. 1820களில் சாம்பலின் விலை சரிந்தது. அன்று போகவிடாமல் தடுத்தவர்களில் பலர் இப்போது அங்கே குடியானவர்களை வெளியேற்றி, நிலத்தை ஆட்டுப் பண்ணைகளாக்கினார்கள். ஆள் தேவைப்பட்டபோது கதவு பூட்டப்பட்டது. தேவை தீர்ந்ததும் வீடே பறிக்கப்பட்டது.

பின்னர் அறிவியல் ஓர் உண்மையைக் காட்டியது. பாசியை எரிப்பதால் அதன் நல்ல பொருள்கள் வீணாகின்றன என்று வாதிட்டவர் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளர். பாசியைச் சோடாக் கரைசலில் ஊறவைத்துப் பசை போன்ற 'ஆல்ஜின்' என்ற பொருளைப் பிரித்து, 1881இல் காப்புரிமை பெற்றார். 1885இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்மீடபெர்க் லாமினாரினைப் பற்றி எழுதினார். ஆல்ஜின் பாசியின் உடலுக்கு வளைந்துகொடுக்கும் வலிமை தருவது. லாமினாரின் அதன் சேமிப்பு உணவு. நூறாண்டுக்கு மேலாக இரண்டுமே தீயில் போயின!

ஆல்ஜின் இன்று ஐஸ்கிரீமிலும் பல் மருத்துவர் எடுக்கும் அச்சிலும் பயன்படுகிறது. நம் ரப்பர்த் தொழிலுக்கும் அது உதவியிருக்கிறது. ரப்பர்ப் பாலில் சிறிதளவு கலந்து தொட்டியில் விட்டால், ரப்பர்த் துகள்கள் ஒன்றுசேர்ந்து பாலாடைபோல் மேலே மிதக்கும். கெட்டிப்பாலைப் பிரித்தெடுக்க இது ஒரு வழி.

லாமினாரினோ பயிரின் காவலாளி. கோதுமை இலையில் தெளித்தால், பூஞ்சைக் காளான் தாக்க வந்ததாக உணர்ந்து பயிர் தன் எதிர்ப்புச் சக்தியைத் திரட்டிக்கொள்ளும். 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பயிர்ப் பாதுகாப்புக்கு ஏற்றுக்கொண்டது.

பெரியோர்களே, பிள்ளைகளே! ஒரு பொருளின் அருமையைக் கல்வி காட்டித் தருகிறது. அதன் பயன் உழைப்பவர் வீட்டையும் வந்து சேர வேண்டுமானால், சட்டத்தையும் சந்தை விலையையும் உழைப்பவர் அறிந்திருக்க வேண்டும். பாசி அறுத்த மக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.