ஓய்வுச் சேமிப்பிலிருந்து முன்கூட்டியே பணம் எடுத்தல் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில், ஓய்வுக் காலத்துக்கெனச் சேமித்த பணத்தைக் கணக்குடையவர் 59½ வயதை அடையும் முன்னர் எடுப்பது முன்கூட்டிய எடுப்பு எனப்படும். இத்தொகைக்கு வருமான வரியுடன் பொதுவாக 10% கூடுதல் வரியும் விதிக்கப்படுகிறது. வீடு வாங்குவதற்காக எடுப்போருக்குச் சில சலுகைகள் உள்ளன. இவை கணக்கின் வகையைப் பொறுத்து வேறுபடும்.

அடிப்படை

மரபுவழிக் கணக்குகளில் இடப்படும் பணத்துக்குப் பொதுவாக அவ்வாண்டில் வருமான வரி இல்லை. வரி தள்ளிவைக்கப்படுகிறதே அன்றி நீக்கப்படுவதில்லை. எனவே, எடுக்கப்படும் தொகை எடுக்கும் ஆண்டின் வருமானத்துடன் சேர்க்கப்படுகிறது. தொகை பெரிதானால் அதன் ஒரு பகுதிக்கு உயர்ந்த வரி வீதம் பொருந்தக்கூடும்.

வீடு வாங்குவதற்கான விதிகள்

* தனிநபர் ஓய்வுக் கணக்கு (ஐ.ஆர்.ஏ.): 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் வீடு வாங்குவோர் தம் வாழ்நாளில் மொத்தம் 10,000 டாலர் வரை கூடுதல் வரியின்றி எடுக்கலாம். முந்தைய 2 ஆண்டுகளில் தமக்கெனச் சொந்த வசிப்பிடம் இல்லாதவரும் முதல் வீடு வாங்குபவராகவே கருதப்படுவார். பணத்தை 120 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். மரபுவழிக் கணக்காயின் வருமான வரி உண்டு.
* ரோத் ஐ.ஆர்.ஏ.: வரி கட்டிய பணமே இதில் இடப்படுவதால், இட்ட தொகையை எப்பொழுதும் வரியின்றி எடுக்கலாம். ஈட்டத்துக்குத் தனி விதிகள் உள்ளன.
* 401(கே): பணிவழங்குநரின் திட்டம் இடமளித்தால், வசிப்பதற்கான வீடு வாங்க இடர்கால எடுப்பாகப் பணம் பெறலாம். ஆனால் முதல் வீட்டுக்கான விலக்கு இதற்குப் பொருந்தாது. எடுக்க அனுமதி உண்டு என்பதால் வரிவிலக்கும் உண்டு எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர்.

எடுத்துக்காட்டு

22% வரி வீதத்தில் உள்ள 35 வயதினர் ஒருவர் 401(கே) கணக்கிலிருந்து 20,000 டாலர் எடுப்பதாகக் கொள்வோம். கூட்டாட்சி வருமான வரி 4,400 டாலர், கூடுதல் வரி 2,000 டாலர் ஆகும். கையில் எஞ்சுவது 13,600 டாலர். சில மாநிலங்களில் மாநில வருமான வரியும் சேரும்.

மாற்று வழிகள்

பல 401(கே) திட்டங்கள் கடன் வழங்குகின்றன. உரிமையான இருப்பில் பாதி அல்லது 50,000 டாலர், இவற்றுள் குறைந்ததே பொதுவான உச்ச வரம்பு. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் வரி இல்லை. பணியை விட்டு விலகியபின் நிலுவையைச் செலுத்தாவிடில் அது எடுப்பாகக் கருதப்பட்டு வரிக்குள்ளாகலாம். பணியிலிருந்து விலகியவர் தம் 401(கே) பணத்தை நேரடியாக மரபுவழி ஐ.ஆர்.ஏ.வுக்கு மாற்றினால் வரி எழாது. அதன்பின் அங்கிருந்து எடுத்தால் 10,000 டாலர் விலக்கும் கிடைக்கும்.