இரண்டாம் ஊசியும் மூன்றாம் ஊசியும்

பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றின் பின்புறத்தை நோக்கினால், ஆங்கில எழுத்தாகிய 'டி'யின் வடிவத்தில் ஓர் இணைப்பு வாயிலைக் காண்போம். 'சீரியல் போர்ட்' என்பது அதன் பெயர். எழுத்துகளைக் குறிக்கும் மின்துடிப்புகளை ஒரே கம்பியின் வழியே, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது அதன் தொழில்.

இதற்கான 'ஆர்.எஸ். 232' என்னும் விதியை அமெரிக்க மின்னணுத் தொழில் நிறுவனங்களின் சங்கம் 1960-ல் வகுத்தது. 1969-ல் திருத்திய வடிவமே பெருவழக்காயிற்று. அந்நாளில் மேசைக் கணிப்பொறி பிறக்கவில்லை. ஒருபுறம் தட்டச்சு முனையம். மறுபுறம் அதனைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்க்கும் மோடம். இவ்விரண்டையே விதி செய்தோர் கருத்திற் கொண்டனர். 25 ஊசிகளைக் கொண்ட வாயிலில், 2-ஆம் ஊசி முனையம் பேசும் வழி. 3-ஆம் ஊசி அது கேட்கும் வழி. 7-ஆவது இரண்டிற்கும் பொதுவான தரை இணைப்பு. மோடமோ 2-ல் கேட்கும், 3-ல் பேசும். ஆதலின் ஊசிக்கு ஊசி நேராகச் சேர்த்த கம்பியே போதுமானதாயிற்று.

1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி முனையத்தின் இடத்தை ஏற்றது. அத்தகைய பொறிகள் இரண்டினை நேர்க்கம்பியால் பிணைத்தால் நிகழ்வது யாது? இரண்டும் ஒரே வழியிற் பேசும்; இரண்டும் ஒரே வழியிற் செவிசாய்க்கும்; ஒன்றின் சொல் மற்றொன்றை எட்டாது! 2-ஐயும் 3-ஐயும் குறுக்காக மாற்றிக் கட்டிய பின்னரே உரையாடல் பிறக்கும்.

1984-ல் அதே நிறுவனம் 9 ஊசி வாயிலைக் கொணர்ந்தது. அதில் 2 கேட்பதற்கும், 3 பேசுவதற்கும், 5 தரைக்கும் உரியவாயின. அவ்வாண்டே வந்த ஆப்பிள் மெக்கின்டாஷிலும் 9 ஊசி வாயிலே இருந்தது; ஆயினும் அங்கே 2-ஆம் ஊசியில் 5 வோல்ட்டும் 6-ஆம் ஊசியில் 12 வோல்ட்டும் மின்சாரம் நின்றது. வடிவம் ஒன்று, பொருளோ வேறு. ஐ.பி.எம். முறையிலமைந்த 9 ஊசிகளுக்குப் பொதுவிதி ஏற்பட்டது 1990-லேதான்.

1996-ல் யு.எஸ்.பி. தோன்றிய பின்னர் இவ்வாயில்கள் மெல்ல மறைந்தன. எனினும் பழைய பொறிகளுள் உறங்கும் கணக்குகளும் கடிதங்களும் வெளிவருவதற்குப் பலவேளைகளில் எஞ்சியிருப்பது இவ்வொரு வழியே. வாயிலிற் பொருந்துகிறது என்பதற்காகவே ஒரு கம்பியைச் செருகிவிடலாகாது. பொறியின் கையேட்டைப் பார்த்து, ஒவ்வோர் ஊசியின் பணியையும் அறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும். இரு பொறிகளைப் பேசவைப்பது கம்பி மட்டுமன்று. யார் எவ்வழியிற் பேசுவது, யார் எவ்வழியிற் கேட்பது என்னும் உடன்பாடே என்பதை நாம் மறத்தலாகாது.