வளர்ச்சிக் காரணியும் டி-அணுக்களும்

இரத்தத்து வெள்ளையணுக்களில் ஒரு வகுப்பாகிய டி-அணுக்களுள் அழற்சியை மூட்டுவனவும் உண்டு, அதை அடக்குவனவும் உண்டு. இவ்விரண்டும் ஒரே இளம் அணுவிலிருந்து, டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் ஒரே வளர்ச்சிக் காரணியின் ஏவலால் தோன்றக்கூடும் என்பதே இப்பொருளின் விசேஷம்.

அடக்கும் டி-அணுக்களைப் பற்றி 1970களில் எழுந்த பேச்சு, ஆதாரம் போதாமையால் 1980களில் மங்கிற்று. டி.ஜி.எஃப்.-பீட்டாவோ தொடக்கத்தில் புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் பொருளாக இருந்தது.

1992இல் இக்காரணியின் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக் குஞ்சுகள், பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம் தம் உடன்பிறப்புகளோடு பேதமின்றிப் பாலுண்டு வளர்ந்து, பின்னர் இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் அழற்சி பரவி, மூன்று நான்கு வாரங்களுக்குள் மடிந்தன. அவ்விரண்டு வாரத் தவணையை அளித்தவள் தாயே என்பது, நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் அவளுடைய காரணி குஞ்சுகளைச் சென்றடைவது 1994இல் புலப்பட்டபோது தெளிவாயிற்று.

1995இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி அடக்கும் அணுக்களை மீண்டும் நிலைநாட்டினார். டி.ஜி.எஃப்.-பீட்டா தனித்து வந்தால், ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவை எழுப்பி இளம் அணுவை அடக்கும் அணுவாக்கும் என்பது 2003இல் வெளியாயிற்று. அதனோடு இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞைப் புரதமும் சேருமாயின், அதே அணு அழற்சி மூட்டும் டி.எச்.17 ஆகிவிடுகிறது என்று, இந்தியாவில் பயின்று ஹார்வர்டில் பணியாற்றும் விஜய் குச்ரூவின் குழுவினரும் வேறு இரு குழுவினரும் 2006இல் அறிவித்தனர். மனித அணுக்களில் டி.எச்.17 உண்டாக டி.ஜி.எஃப்.-பீட்டா வேண்டியதில்லை என்று 2007இலும், வேண்டும் என்று 2008இலும் ஆய்வுகள் வந்தன. எலிகளிலேயே அது இன்றியும் உண்டாகும் என்று 2010இல் மற்றொன்று கூறிற்று. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

இன்டர்லூகின்-6, பாக்டீரியாக்களின் அகநச்சைக் கண்டு விழுங்கணுக்கள் சுரப்பவற்றுள் ஒன்று. பொங்கலூர், பல்லடம் வட்டாரத்தில் உள்ளவை போன்ற நூற்பாலைகளில், பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் அதைச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியில் இந்நச்சு உண்டு. வார விடுமுறை கழிந்த முதல் நாளில் தொழிலாளரின் நெஞ்சை இறுக்கும் பிசினோசிஸ் நோய்க்கு இது பிரதான காரணமெனக் கருதப்படுகிறது. ஆயினும் இதனை மட்டும் கொண்டு அந்நோயில் டி-அணுக்களின் பங்கை நிர்ணயிக்க இயலாது.

தமிழ்நாட்டில் இப்பொருளுக்குச் சிறந்த சான்று யானைக்கால் நோயே. நிணநாளங்களில் புழு வாழ்ந்தும் காலில் வீக்கமின்றி நடமாடுவோர் பலர். வீங்கி அவதியுறுவோர் சிலரே. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சுபாஷ் பாபுவும் அவர் குழுவினரும் இருசாராரின் அணுக்களையும் புழுவின் பொருளோடு வளர்த்து, வீக்கமுற்றோரிடம் டி.எச்.17 குறிகள் மிக்கும், ஃபாக்ஸ்பி3யும் டி.ஜி.எஃப்.-பீட்டாவும் குறைந்தும் இருப்பதை 2009இல் வெளியிட்டனர். குறைவு வீக்கத்திற்குக் காரணமா, விளைவா என்பதை இத்தகைய ஒப்பீடு தீர்த்து வைப்பதில்லை.

அடக்கும் அணுக்களின் ஆராய்ச்சிக்காக 2025இன் மருத்துவ நோபல் பரிசு சகாகுச்சிக்கும், அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.