அவதாரமும் மனிதராதலும்

ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு இராசபாளையம் முதலிய சுற்றூர்களிலிருந்தும் மக்கள் திருவில்லிபுத்தூரில் வந்து குவிவர். பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளைப் பூமிப்பிராட்டியின் அவதாரமாகப் போற்றுவது வைணவ மரபு. இவ்வூர்க் கிறிஸ்தவர்க்கு 'அவதாரம்' அண்டை வீட்டுச் சொல். இயேசுவும் ஓர் அவதாரந்தானே என்று அண்டை வீட்டார் வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்?

இவ்வினாவுக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், இறைமகன் மனிதரானதைக் குறிக்க இச்சொல்லையே எடுத்தாண்டார். 'இறங்கி வருதல்' என்பது அதன் பொருள். மக்கள் உள்ளத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த சொல்லும் அதுவே.

ஆயினும் இடரும் இருந்தது. அவதாரங்கள் பல, கிறிஸ்து ஒருவரே. பணி முடிந்ததும் அவதாரம் நிறைவுறும். உயிர்த்த ஆண்டவரோ என்றும் மனிதராகவே இருக்கிறார். மேலும், உருவெடுத்தார் என்பதை வேடம் பூண்டார் என்று கொண்டால், இயேசுவின் உடலும் துன்பமும் வெறுந்தோற்றமே என்ற பழைய பிழை மீண்டும் தலைதூக்கும். அதனை அந்தியோக்கு ஆயர் புனித இஞ்ஞாசியார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டித்து எழுதினார். மறுபுறம், மகனும் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுசின் கொள்கையை 325-இல் நீசேயா பொதுச்சங்கம் மறுத்தது. ஒரே ஆளில் இறை இயல்பும் மனித இயல்பும் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என்று 451-இல் கல்செதோன் பொதுச்சங்கம் வரையறுத்தது.

சென்ற நூற்றாண்டில், சீர்திருத்தச் சபையினரான தமிழர் இருவர் இச்சொல்லை மீண்டும் கையிலெடுத்தனர். சென்னை வெ. சக்கரை 1920-களில் இயேசுவை அவதாரம் என்றே தலைப்பிட்டு ஆங்கில நூல் எழுதினார். இயேசுவின் அவதாரம் முடிவுறாதது, நிலைத்தது என்பது அவர் கருத்து. பாளையங்கோட்டையில் பிறந்த ஆயர் ஏ. ஜே. அப்பாசாமி, இராமானுசரின் சிந்தனையைத் துணைக்கொண்டார். அவதாரம் மாயத்தோற்றமன்று, மெய்யே என்று உரைத்தவர் அவ்வாசாரியர்.

இன்று திருப்பலியில் 'மனிதர் ஆனார்' என்று அறிக்கையிட்டுத் தலைவணங்குகிறோம். இதனைச் சொற்போர் என்று தள்ளிவிட முடியாது. இராசபாளையத்துப் பஞ்சாலையில் இரவுப்பணி முடித்துத் திரும்பும் தொழிலாளியின் களைப்பைக் கடவுள் அறிவாரா? இயேசுவின் களைப்பு நடிப்பெனில், அறியார். இயேசு மனிதர் மட்டுமே எனில், அறிந்தும் மீட்க இயலார்.

அண்டை வீட்டாரின் சொல்லை நாம் பழிக்க வேண்டுவதில்லை. அச்சொல் செல்லும் தொலைவுவரை அவரோடு நடப்போம்; அங்கிருந்து, பயணத்தால் களைத்து யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்த ஆண்டவரைக் காட்டுவோம்.