சிவந்த முகமூடி: 'ஸ்பிளாட்டர்ஹவுஸ்' ஆட்டத்தின் ஒரு பாடபேதம்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஆர்கேட் ஆட்டமான 'ஸ்பிளாட்டர்ஹவுஸ்' பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றனர். வெள்ளை முகமூடியணிந்த நாயகன் ரிக், 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' படங்களின் ஜேசன்தான் என்பதே அது. மேலோட்டமான வாசிப்பென்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜேசன் ஹாக்கி முகமூடியை முதன்முதலில் மாட்டியது 1982இல் வந்த மூன்றாம் படத்தில். ஆறே ஆண்டில் இந்த ஆட்டம். ஆட்டம் நடக்கும் மாளிகைக்குரிய டாக்டர் வெஸ்ட் லவ்கிராஃப்டின் கதையிலிருந்தும், அதிலிருந்து 1985இல் எடுக்கப்பட்ட 'ரீ-அனிமேட்டர்' படத்திலிருந்தும் வந்தவர். இரண்டாம் கட்டத்தில் நாற்காலியும் கத்தியும் தாமாகவே பறந்து தாக்கும்போது 'போல்டர்கைஸ்ட்' நினைவுக்கு வராமல் போகாது. இந்தக் கடன்களை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

முகமூடி விஷயத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் கட்டத்தின் முடிவில் வரும் பிக்கிமேனுக்குத் தலையில் சாக்கு, கைகளுக்குப் பதில் மரம் அறுக்கும் செயின்சோக்கள். 1981இன் இரண்டாம் படத்தில் ஜேசன் மாட்டியிருந்ததும் சாக்குதான். அந்தச் சாயலை எதிரிக்குக் கொடுத்துவிட்டு, அவனை அடித்து வீழ்த்துபவனையும் ஜேசன் என்பது பொருந்துமா? சாக்கு முகம் திகில் படங்களுக்குப் பொதுச்சொத்து என்று எதிர்வாதம் வரலாம். ஆகவே இதை மட்டும் நம்பி நான் நிற்கவில்லை.

1990இல் ஆட்டம் வீட்டுக்கு வந்தது. ஜப்பானின் பிசி எஞ்சின் பதிப்பில் முகமூடி வெள்ளை. அமெரிக்காவின் டர்போகிராஃபிக்ஸ்-16 பதிப்பில் சிவப்பு. தேவாலயக் கட்டத்தில் ஆர்கேடில் எதிர்த்து நின்ற தலைகீழ்ச் சிலுவையும் அமெரிக்கப் பதிப்பில் இல்லை. (சிறு பிள்ளைகளுக்கும் கோழைகளுக்கும் இது ஒத்துவராது என்று பெட்டியிலேயே அச்சிட்டு எச்சரித்தவர்களுக்குச் சிலுவைதான் உறுத்தியிருக்கிறது!) சிலுவை நீங்கியது மத உணர்வை எண்ணி என்றும், நிறம் மாறியது பதிப்புரிமை வழக்கை அஞ்சி என்றும் கொள்ளலாம். இரண்டாவது ஊகமே, ஆனாலும் வேறெந்தக் காரணமும் இந்த அளவுக்குப் பொருந்தவில்லை.

ரிக்கை இயக்குவது முகமூடியே என்ற என் வாசிப்புக்கு இந்தப் பாடபேதத்தைத்தான் உரைகல்லாகக் கொள்கிறேன். சிவப்பேறியதும் ஹாக்கிச் சாயல் போய்விட்டது. கதையில் ஓர் இழைகூட அறவில்லை. சாகக் கிடந்த ரிக்கை எழுப்பி வலுவூட்டுவது முகமூடி. கடைசியில் மாளிகை எரிய, உடைந்து சிதறி, மறுபடி ஒன்றுகூடுவதும் அதுவே. ஜேசனின் முகமூடி முகத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கழற்றினாலும் ஜேசன் ஜேசனே.

வட்டவளை, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. வீரபத்திரன் வேஷம் கட்டியவருக்கு அருள் வந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த நாலுபேர் வேண்டும். அங்கே ஆடுவது வேஷம். நாம்கோவுக்கும் நம் கூத்துக்கும் உறவிருந்தது என்று சொல்லவரவில்லை.

ஆட்ட மரபை வைத்துப் பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வருகிறோம். 1984இன் 'குங்ஃபூ மாஸ்டர்' ஐந்து மாடி ஏறி சில்வியாவை மீட்பது. 1987இன் 'டபுள் டிராகன்' கடத்தப்பட்ட மரியனை மீட்பது. அடிதடி ஆட்டம் என்றாலே காதலியை மீட்டு முடிப்பதென்ற வழக்கம் இப்படி ஊன்றியிருந்தது. 'ஸ்பிளாட்டர்ஹவுஸ்' 'குங்ஃபூ மாஸ்டர்' போலவே ஒற்றைத் தளத்தில் பக்கவாட்டில் நகர்வது. ஆனால் ஐந்தாம் கட்டத்திலேயே மீட்கவேண்டிய காதலி ஜெனிஃபர் அரக்கியாக மாறுகிறாள், இடையிடையே தன்னுரு பெற்றுக் கெஞ்சுகிறாள், ரிக்கின் கையாலேயே சாகிறாள். மீட்க எவருமில்லாத பிறகும் இரண்டு கட்டங்கள் மிச்சம். அவற்றையும் ஆடவைப்பது பழிவெறியா, முகமூடியா? ஆட்டம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. முகமூடி என்றே நான் கொள்கிறேன்.

1992இல் மெகா டிரைவில் வந்த இரண்டாம் பாகம் இதற்கு ஓரளவு துணைநிற்கிறது. அங்கே முகமூடி வாய் திறந்தே பேசுகிறது. ஜெனிஃபரை மீட்கலாம் என்று ஆசைகாட்டி ரிக்கை மறுபடி தன்னை அணியவைக்கிறது. நான்காண்டு பிந்திய சான்றை 1988இன் மேல் ஏற்றலாமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த 1990இன் சிவப்பு எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. வழக்குக்கு அஞ்சி மட்டுமே நிறத்தை மாற்றினார்கள் என்றால், இரண்டாம் பாகத்தின் பேசும் முகமூடி புதிய சேர்க்கையாகவும் இருக்கலாம்.