மெலடோனின்

மெலடோனின், மூளையின் நடுவே நெல்மணி அளவில் அமைந்த கூம்புச் சுரப்பி இரவில் சுரக்கும் ஹார்மோன். உறக்கத்தையும் விழிப்பையும் இரவு பகலுக்கு இசைய வைப்பது இதன் தலையாய பணி.

கூம்புச் சுரப்பியைப் பண்டைய மருத்துவர் கேலனே விவரித்துள்ளார். 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் அதை ஆன்மாவின் இருப்பிடம் என்றார். 1917இல் அமெரிக்காவில் மெக்கார்ட், ஆலன் ஆகிய இருவரும் மாட்டின் கூம்புச் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு ஊட்டினர். செல்களில் பரவியிருந்த கருநிறமித் துகள்கள் நடுவில் திரண்டு, தலைப்பிரட்டைகளின் தோல் வெளிறியது. இதில் தோல் நோய்களுக்கு மருந்து கிடைக்கும் என்று நம்பிய யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், ஆயிரக்கணக்கான மாட்டுச் சுரப்பிகளிலிருந்து 1958இல் மெலடோனினைப் பிரித்தெடுத்தார். தோலுக்கு அது பயன்படவில்லை. மனிதருக்குக் கொடுத்தபோது லேசான தூக்கக் கலக்கமே காணப்பட்டது. கடும் வெளிச்சம் மனிதரில் இதன் சுரப்பை அடக்கும் என்பதை 1980இல் ஆல்ஃபிரட் லெவி குழுவினர் காட்டினர்.

உணவிலுள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் செரடோனினாகி, அதிலிருந்து மெலடோனின் உருவாகிறது. விழித்திரை உணரும் ஒளியின் செய்தி மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள உயிர்க்கடிகாரத்தை எட்டுகிறது. அங்கிருந்து வரும் நரம்புத் தூண்டலே சுரப்பைக் கட்டுப்படுத்துகிறது. இருட்டியபின் கூடத் தொடங்கும் அளவு, பின்னிரவு 2 முதல் 4 மணிக்குள் உச்சம் தொட்டு, விடியலில் தணிகிறது. நீல ஒளி இதை மிகுதியாகத் தடுக்கும். பச்சிளங்குழந்தைக்கு இந்தச் சீர் ஏறக்குறைய 3 மாதத்தில் அமைகிறது. முதுமையில் சுரப்பு குறைகிறது.

ஐந்துக்கு மேற்பட்ட நேர வலயங்களைக் கடந்து பறப்போரின் உடற்சோர்வுக்கும், பார்வையற்றோரின் உறக்கச் சீர்குலைவுக்கும், நள்ளிரவு தாண்டியே உறக்கம் வருவோருக்கும் மெலடோனின் மாத்திரை உதவுகிறது. சாதாரணத் தூக்கமின்மையில் பயன் சிறிது: உறக்கம் வரும் நேரம் சராசரியாக 7 நிமிடமே குறைவதாக 2013இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கண்டது. புற்றுநோயைத் தடுக்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்பனவற்றுக்கு மனிதரில் போதிய சான்று இல்லை.

அமெரிக்காவில் இது உணவுத் துணைப்பொருளாகக் கடைகளில் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 55 வயது கடந்தோருக்கான 2 மில்லிகிராம் மாத்திரைக்கு 2007இல் ஒப்புதல் தரப்பட்டது. தலைவலி, கிறுகிறுப்பு, பகல் தூக்கம் ஆகியவை பக்கவிளைவுகள். வார்ஃபரின், ஃபுளூவோக்சமின் போன்ற மருந்துகளை உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இதை எடுக்கக் கூடாது.