வானத்துக்கு ஏது வேலி?

நிலத்துக்கு வேலி உண்டு. தோட்டத்துக்கு எல்லைக்கல் உண்டு. ஆற்று நீருக்கும் அணை உண்டு. ஆனால் வானத்தில் செல்லும் அலைக்கு வேலி போட்டவர் யார், எப்பொழுது போட்டார், எதற்காகப் போட்டார் என்று நம்மவரில் கேட்டவர் மிகச் சிலரே. வேலை முடிந்து வீடு திரும்பிய தொழிலாளி தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, "இத்தனை அலைவரிசை இருந்தும் நமக்கு வேண்டியது ஒன்றும் இல்லையே! வேண்டியதற்குத் தனிக் காசு கேட்கிறார்களே!" என்று சலித்துக்கொள்வதை நாம் நாடோறும் கேட்டு வருகிறோம். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும், கிள்ளான் கடைத்தெருவிலும், நமது தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துத் தோட்டங்களிலும் இப்பேச்சு ஒன்றேதான். இச்சலிப்பு நேற்றுப் பிறந்ததன்று. அதற்கு ஏறக்குறைய நூறு வருஷத்துச் சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை அறியாதவன் கம்பெனியை ஏசுவான். இல்லையேல் தன் தலைவிதியை நோவான். அறிந்தவனோ கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பான். அதன் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம்.

மலாயாவுக்கு வானொலிப் பெட்டி முதன்முதலில் வந்தது 1921-ம் வருஷத்தில். ஜொகூர் சர்க்காரில் மின்சார எஞ்சினீயராயிருந்த பர்ச் என்னும் ஆங்கிலேயர் அதைக் கொண்டுவந்தார். பின்னர் 1930-ல் கோலாலம்பூர் வானொலி ஆர்வலர் சங்கத்தார் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கினர். அந்நாளில் அது துரைமாருக்கும் செல்வர்க்கும் உரிய பொழுதுபோக்கு. ரப்பர் விலை வீழ்ந்து தொழிலாளர் கூட்டங் கூட்டமாக இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட காலம் அது. லயத்தில் இருந்தவனுக்கு அடுப்பெரிவதே பெரும்பாடு. வானொலிக்கு அவன் எங்கே போவான்? சிங்கப்பூர் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பிய தனியார் நிலையத்தையும் 1940-ல் சர்க்கார் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. யுத்தம் நெருங்கி வந்தமையால், அலை என்பது ஆள்வோரின் ஆயுதம் என்ற எண்ணம் அப்பொழுதே வேரூன்றிவிட்டது.

ஜப்பானியர் வந்தபின் அந்த எண்ணம் கொடுமையாக முற்றியது. வெளிநாட்டுச் சிற்றலை நிலையங்களைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பேராக் மாநிலத்துப் பாப்பான் என்னும் சிற்றூரில், தமிழரான டாக்டர் கதிகாசுவின் மனைவியார் சிபில் கதிகாசு, 'ஜோசபின்' என்று செல்லப்பெயரிட்ட ஒரு வானொலிப் பெட்டியை மறைத்து வைத்து லண்டன் செய்தியைக் கேட்டு வந்தார். காட்டிலிருந்த போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943-ல் கெம்பெத்தாய் இராணுவப் போலீசார் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர். யுத்தம் முடிந்தபின் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்துக் கௌரவித்தது. ஆயினும் பட்ட காயங்கள் ஆறாமல் 1948-ல் அவர் உயிர் நீத்தார். இன்றைய மாதக் கட்டணத்தையும் அந்நாளைய சித்திரவதையையும் ஒரே தராசில் வைப்பது நமது நோக்கமன்று. எதைக் கேட்பது என்று தானே தீர்மானிக்கும் உரிமை, உயிரைப் பணயம் வைக்கத்தக்க அளவு பெரிது என்று இந்நாட்டிலேயே ஒருவர் காட்டிச் சென்றார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

1946-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி 'ரேடியோ மலாயா' பிறந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. இன்று 'மின்னல் எப்.எம்.' என்று வழங்குவது அப்பரம்பரையில் வந்ததே. 1948-ல் அவசரகாலம் பிறந்ததும், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் சர்க்காரே பொது வானொலிப் பெட்டிகளை வைத்து ஜனங்களைக் கேட்கச் செய்தது. மாதக் கட்டணம் ஏதுமின்றித் தமிழ் தொழிலாளியின் காதில் விழுந்ததென்றால் அது இவ்வழியாகவே. இந்நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி எதற்காக வைக்கப்பட்டது? கம்யூனிஸ்ட்டுகளின் பேச்சு காதில் ஏறாதிருக்கச் சர்க்காரின் பேச்சு ஏறவேண்டும் என்பதற்காக. கேட்கக் கொடுத்தார்கள், தேர்ந்தெடுக்கக் கொடுக்கவில்லை. அதே காலத்தில், 1949-ல், 'ரெடிபியூஷன்' என்ற கம்பெனி நகர்ப்புற வீடுகளுக்குக் கம்பி இழுத்து, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு ஒலிபரப்பியது. பணம் கட்டினால் பாட்டு, கட்டாவிட்டால் மௌனம் என்ற ஏற்பாட்டை இந்நாட்டவர் முதன்முதல் கண்டது அப்பொழுதுதான்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1963-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி கோலாலம்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடக்கி வைத்தார். இரண்டாவது அலைவரிசை 1969-ல் வந்தது; வர்ணம் 1978-ல் வந்தது. இரண்டும் சர்க்காருடையவை. பெட்டி வைத்திருப்பவர் வருஷத்துக்கு 24 வெள்ளி கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. கட்டணம் எல்லோருக்கும் ஒன்று. தமிழுக்குக் கிடைத்த நேரமோ வாரத்தில் சில மணி. அந்தச் சில மணிக்காகவே தோட்டத்தில் பெட்டியிருந்த வீட்டு வாசலில் ஊரே கூடியது என்று முதியோர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அதில் மகிழ்ச்சி இருந்தது மெய். ஆனால் பசித்தவன் ஒரு பிடி சோற்றுக்கு மகிழ்ந்தான் என்பது, சோறு போதுமாயிருந்தது என்பதற்குச் சாட்சியாகாது. போதாமையை நிரப்ப 1980-களில் வீடியோ நாடாக் கடைகள் முளைத்தன.

1984-ம் வருஷம் ஜூன் முதல் தேதி 'டிவி 3' என்ற முதல் தனியார் அலைவரிசை கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியது. 'தனியார்' என்ற சொல்லைக் கேட்டு ஏமாறலாகாது. அதன் பெரும்பங்கு ஆளுங்கட்சியான அம்னோவின் முதலீட்டுக் கம்பெனியிடம் இருந்தது. நம்மவர் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. தோட்டத் தொழிலாளர் தாலிக்கொடியை அடகு வைத்தும் சேமிப்பைத் துடைத்தும் கொடுத்த பணத்தில் எழுந்த 'மைக்கா ஹோல்டிங்ஸ்' நிறுவனமும் அதில் பத்தில் ஒரு பங்கு வாங்கியது. 60,000-க்கு மேற்பட்ட இந்தியரிடமிருந்து 10 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டிய நிறுவனம் அது. ஆக, ரப்பர் மரம் வெட்டியவனும் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் பங்காளியானான்! ஆனால் அதில் எது வரவேண்டும் என்று சொல்லும் வாய் அவனுக்கு வந்ததா? வரவில்லை. பங்குப் பத்திரம் பெட்டிக்குள் கிடந்தது. நிகழ்ச்சி நிரலை வேறு யாரோ எழுதினர்.

1988-ல் ஒலி ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. லைசென்ஸ் கொடுப்பதும் மறுப்பதும் தகவல் மந்திரியின் கையில் குவிந்தன. மூன்று வருஷம் கழித்து, 1991-ல், ஹாங்காங்கிலிருந்து 'ஸ்டார்' தொலைக்காட்சி துணைக்கோளம் வழியாக ஆசியா முழுவதும் பரவியது. அலை நம் கூரையின் மேலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பிடிக்கும் வட்டத் தட்டைப் பொதுஜனங்கள் வைத்துக்கொள்வதை மட்டும் நம் சர்க்கார் தடுத்தது. அந்நியப் பண்பாடு புகுந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். நமது கடற்கரைக்கு எதிர்க்கரையில் இருப்பது சுமத்ரா. இந்தோனேசியா 1976-லேயே 'பாலாப்பா' துணைக்கோளத்தை ஏவி, 1980-களில் வட்டத் தட்டுகளைத் தன் ஜனங்களுக்கு அனுமதித்துவிட்டது. ஒரே மலாக்கா நீரிணை, ஒரே வானம், அக்கரையில் அனுமதி, இக்கரையில் குற்றம். அக்கரையிலும் அப்பொழுது சர்வாதிகாரமே நடந்தது; ஆயினும் தட்டினால் நாடு கவிழ்ந்துவிடவில்லை.

தடை எப்பொழுது தளர்ந்தது தெரியுமா? 1996 ஜனவரியில் 'மியாசாட்-1' துணைக்கோளம் ஏவப்பட்டு, அதே வருஷத்தில் 'அஸ்ட்ரோ' தொடங்கியபொழுது. அந்நியப் பண்பாட்டைப் பற்றிய அச்சம் திடீரென்று குறைந்தது. சுமார் இரண்டடி அகலத் தட்டு சட்டப்படி கூரையேறியது. அந்தத் தட்டு ஒரே கம்பெனியின் அலையைப் பிடிக்க வந்தது. துணைக்கோளச் சந்தாத் தொலைக்காட்சியில் அக்கம்பெனிக்கு 2017 வரை தனியுரிமையும் அளிக்கப்பட்டது. 1998-ம் வருஷத்துத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் மறு வருஷம் அமலுக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கிற்று. சட்டத்தின் பெயர் மாறியது. பார்ப்பவன் நிலை மாறவில்லை.

நியாயமாகப் பேசுவோம். அஸ்ட்ரோவின் 'வானவில்' வந்தபின் தமிழ் நாள் முழுதும் ஒலித்தது. உள்ளூர்க் கலைஞருக்கு மேடை கிடைத்தது. தமிழ்நாட்டு அலைவரிசைகள் நம் வீட்டுக்குள் வந்தன. இதை மறைத்து எழுதினால் அது சரித்திரமாகாது. ஆனால் இத்துடன் இன்னொன்றும் நடந்தது. பொதுவானில் சில மணியாக இருந்த தமிழ், சந்தாக் கூடைக்குள் முழுநாளாக ஏறியது. பொதுவானில் சில மணியாகவே நின்றது. வேண்டிய ஒன்றை வாங்க வேண்டாத பலவற்றையும் சேர்த்து வாங்கும் தொகுப்பு முறை வழக்கமாயிற்று. உப்பு வாங்கப் போனவனிடம் புளியும் மிளகாயும் வாங்கினால்தான் உப்பு என்று மளிகைக் கடைக்காரன் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? பெருமழை பெய்தால் இவ்வகை அலை மங்கிப்போவது அதன் இயல்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைமழைக்குப் பஞ்சமில்லை. மழைக்குக் காட்சி நின்றாலும் மாதக் கணக்கு நிற்பதில்லை.

கடல்கடந்த இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது. 1995 பிப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், வானலை பொதுச் சொத்து என்றும், அதைப் பொதுநன்மைக்காகவே ஆளவேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சர்க்காரின் ஏகபோகத்துக்கு மட்டும் விழுந்த அடியன்று. பணமுடையோரின் ஏகபோகத்துக்கும் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019-ல் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி விலை போடவேண்டும், பார்ப்பவர் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி இந்தியா முழுவதும் அமலாயிற்று. அதனால் பலருக்குச் செலவு ஏறியதும் உண்டு. ஆயினும் எதற்கு எவ்வளவு என்பது வெளிச்சத்துக்கு வந்தது. சிங்கப்பூரிலோ 2008 முதல் 'வசந்தம்' தமிழர் உள்ளிட்ட இந்தியருக்கென்றே ஓர் இலவச அலைவரிசையாக நடந்து வருகிறது.

நம் நாட்டிலும் காலம் நகர்ந்தது. 2019 அக்டோபர் இறுதியில் பழைய ஒளிபரப்பு நின்று, எண்முறை ஒளிபரப்பு நாடெங்கும் வந்தது. இம்முறையில், முன்பு ஓர் அலைவரிசை சென்ற இடத்தில் பல அலைவரிசைகள் செல்லும். ஆகவே 'இடமில்லை' என்ற பழைய சாக்கு செத்துவிட்டது. மறுபக்கம், கள்ளப் பெட்டிகள் வீடுதோறும் புகுந்தன. அவற்றை விற்போர்க்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 20 வருஷம் வரை சிறையும் விதிக்கலாம் என்று 2022-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. கலைஞன் உழைப்பைத் திருடுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் நேர்வழி குறுகி விலையேறிய இடத்தில் குறுக்குவழி பிறக்கிறது என்பதை வீடியோ நாடாக் காலத்திலேயே கண்டோம். தண்டனையை மட்டும் கூட்டினால் குறுக்குவழி அடைபடாது; நேர்வழியையும் அகலமாக்க வேண்டும்.

நூறு வருஷத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. தடைக்குச் சொன்ன காரணம் காலந்தோறும் மாறியது. ஒருகால் யுத்தம், ஒருகால் அவசரகாலம், ஒருகால் பண்பாடு, ஒருகால் வியாபார ஒப்பந்தம். மாறாதது ஒன்றே: எந்தக் காலத்திலும் பார்ப்பவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகையால் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, தமிழுக்கென ஒரு முழுநேர அலைவரிசை கட்டணமில்லாப் பொதுவானில் வேண்டும். வரி கட்டுவதில் தமிழன் பின்வாங்கியதில்லை. இரண்டு, சந்தா வாங்குவோர் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி விலை சொல்லி, வேண்டியதை மட்டும் எடுக்க விடவேண்டும். மூன்று, லைசென்ஸ் யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு, எந்த நிபந்தனையில் என்பதைக் கொடுப்பதற்கு முன்பே பொதுஜனங்களிடம் வெளியிட்டு அவர்கள் கருத்தைக் கேட்கவேண்டும்.

இவற்றைக் கேட்கும் வாய் நமக்கும் ஒரு கேள்வி போட்டுக்கொள்ள வேண்டும். கையில் இருக்கிற அலைவரிசைகளில் நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம்? ராசிபலனையும், பாம்பு பழிவாங்கும் கதையையும், மாமியார் மருமகள் சூழ்ச்சியையும் மட்டுமே பார்த்துவிட்டு, அறிவு நிகழ்ச்சி வரும்பொழுது பெட்டியை அணைப்போமானால், நம் ரசனையைச் சாட்சி காட்டியே நம் உரிமையை மறுப்பார்கள். சர்க்காருக்கும் கம்பெனிக்கும் கடிதம் எழுதுங்கள். தோட்டத்துச் சங்கத்திலும் பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் தீர்மானம் போடுங்கள். நல்ல தமிழ் நிகழ்ச்சி வந்தால் அதைப் பார்த்து நான்கு பேருக்குச் சொல்லுங்கள். சலிப்பு வீட்டுக்குள் கிடக்கும்வரை அது புலம்பலாகவே இருக்கும். அதைச் சபையில் எடுத்து வைத்தால்தான் அது கோரிக்கையாகும்.